பலம் பரம்பரையா, பழக்கமா? முதியவர்களின் கைப்பிடியை அளந்த 150 வருடக் கதை



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் வயதான உம்மா, வாப்பா, மூத்தம்மா, மூத்தாப்பா இருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

வயதானவர்களைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சு உண்டு. ஒன்று, "அவர்ர வாப்பாவும் தொண்ணூறு வயசு மட்டும் சைக்கிள் ஓடின மனிசன். அது அவங்கட பரம்பரை." மற்றது, "எங்கட ஆக்களுக்கு அறுபத்தஞ்சு தாண்டினா முழங்கால் விட்டுரும். அதுவும் பரம்பரைதான். என்ன செய்யிற?"

முதலாவது புகழ்ச்சி. இரண்டாவது கைவிடல். ஆனால் இரண்டும் சொல்வது ஒன்றையே: முதுமையில் ஒருவருக்கு எவ்வளவு பலம் மிஞ்சும் என்பது அவர் பிறக்கும்போதே முடிவாகிவிட்டது.

உயர்தர வகுப்பில் தலைமுறையுரிமைப் பாடம் வரும்போது பிள்ளைகளும் இதைத்தான் கேட்பார்கள். "சேர், பலமும் பரம்பரையலகாலதான் வருமா?" ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. இதற்குப் பின்னால் ஏறத்தாழ 150 வருட வரலாறு இருக்கிறது. அதில் நல்லதும் உண்டு, மிகக் கொடியதும் உண்டு.

*மூன்று பென்ஸ் கொடுத்தால் கைப்பலம் அளந்து தருவார்கள்*

1884 ஆம் ஆண்டு லண்டனில் சர்வதேச சுகாதாரக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதில் பிரான்சிஸ் கோல்டன் என்பவர் ஒரு சிறிய அளவீட்டுக் கூடம் அமைத்திருந்தார். இவர் சார்ல்ஸ் டார்வினின் உறவினர். மூன்று பென்ஸ் கொடுத்து உள்ளே போனால் உங்கள் உயரம், நிறை, பார்வை, கேள்வி, மூச்சின் அளவு, கையால் இறுக்கிப் பிடிக்கும் பலம் எல்லாவற்றையும் அளந்து ஒரு அட்டையில் எழுதித் தருவார்கள். 9000 பேருக்கு மேல் அங்கே அளவு கொடுத்தார்கள். கைப்பிடியின் பலத்தை இத்தனை பெரிய மக்கள் தொகையில் அளந்த ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று.

இதே கோல்டன் அதற்கு முன்பே, 1875 இல், இரட்டைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பிறப்பால் வருவது எவ்வளவு, வளர்ப்பால் வருவது எவ்வளவு என்று பிரித்தறிய இரட்டையர்களைப் பார்க்கலாம் என்பது அவரது யோசனை. யோசனை நல்லது. ஆனால் அவர் அதிலிருந்து போன பாதை நல்லதல்ல. மனிதர்களில் "நல்ல இனத்தை" பெருக்க வேண்டும், "குறைந்தவர்களை" குறைக்க வேண்டும் என்ற கொள்கைக்கு 1883 இல் பெயர் வைத்தவரும் அவரேதான்.

அந்தக் கொள்கையால் என்ன நடந்தது என்று உலகம் அறியும். அமெரிக்காவின் பல மாநிலங்கள் மனிதர்களைப் பலவந்தமாக மலடாக்கின. டென்மார்க் 1929 இல் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஹிட்லரின் ஜேர்மனியில் அது கொலையாகவே மாறியது. அவுஷ்விட்ஸ் முகாமில் மெங்கலே என்ற வைத்தியன் இரட்டைப் பிள்ளைகளைத் தேடித் தேடிப் பிடித்து, ஆராய்ச்சி என்ற பெயரில் சித்திரவதை செய்து கொன்றான்.

பலம் பரம்பரையா என்ற கேள்வி இலேசான கேள்வி அல்ல. "அவர்கள் பிறப்பே அப்படி" என்ற சொல் மனிதர்களை ஒதுக்கி வைக்கவும் பயன்பட்டிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் பாருங்கள்.

*பதிவேட்டில் இருந்து வந்த பதில்*

1924 இல் ஹேர்மன் சீமென்ஸ் என்ற ஜேர்மானிய தோல் வைத்தியர் இரட்டையர் முறையைத் தெளிவாக்கினார். ஒரே கருவில் இருந்து பிரிந்த ஒத்த இரட்டையருக்குப் பரம்பரையலகுகள் நடைமுறையில் முழுதும் ஒன்றே. இரண்டு கருக்களில் இருந்து வந்த இரட்டையர் சாதாரண நானா தம்பி போல, சராசரியாகப் பாதியளவே ஒத்திருப்பார்கள். இரண்டு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் வளர்கிறார்கள். ஆகவே ஒரு விடயத்தில் ஒத்த இரட்டையர் மற்றவர்களை விட அதிகம் ஒத்துப்போனால், அந்த மேலதிக ஒற்றுமை பரம்பரையில் இருந்து வந்திருக்க வேண்டும். கணக்கின் அடிப்படை இவ்வளவுதான்.

ஆனால் முதுமையைப் பற்றி இப்படிக் கேட்பது கஷ்டம். 80, 90 வயது வரை வாழ்ந்த இரட்டையர்களை எங்கே தேடுவது? இருந்தாலும் அவர்கள் யார், எங்கே பிறந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

டென்மார்க்கில் தெரியும். அங்கே தேவாலயங்கள் ஒவ்வொரு ஊரிலும் பிறப்புப் பதிவேடு வைத்திருந்தன. நம் ஊரில் பள்ளிவாசல் நிக்காஹ் பதிவு வைத்திருப்பது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். 1954 இல் பென்ட் ஹார்வல்ட், மொகென்ஸ் ஹௌகே என்ற இரண்டு ஆய்வாளர்கள் டென்மார்க் இரட்டையர் பதிவகத்தைத் தொடங்கினார்கள். நாட்டில் இருந்த சுமார் 2200 தேவாலயப் பிரிவுகளின் பதிவேடுகளைக் கையால் புரட்டி, 1870 முதல் 1910 வரை பிறந்த இரட்டையர்களின் பெயர்கள் தேடி எடுக்கப்பட்டன. கணினி இல்லாத காலம். ஏட்டைத் திறப்பது, பெயரைக் குறிப்பது, ஆளைத் தேடுவது, உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பது. ஒரு நாட்டின் அளவில் தொடங்கப்பட்ட இரட்டையர் பதிவகங்களில் மிகப் பழையது இதுதான். ஒரு காலத்தில் மனிதர்களை ஒதுக்கச் சட்டம் போட்ட அதே நாடு, பொறுமையான வேலையால் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலையும் தேடியது.

முதல் பெரிய பதில் 1996 இல் வந்தது. 1870 முதல் 1900 வரை பிறந்த 2872 சோடி இரட்டையர்களை வைத்துக் கணக்குப் பார்த்தபோது, ஆயுளின் நீளத்தில் காணப்படும் வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு ஆண்களில் 26 சதவீதம், பெண்களில் 23 சதவீதம். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. "நீண்ட ஆயுள் குடும்பத்தில் ஓடுகிறது" என்று நாம் சொல்லும் அளவுக்கு அது ஓடவில்லை.

பலத்தின் கதை கொஞ்சம் வேறு. 1995 முதல் டென்மார்க்கின் வயது முதிர்ந்த இரட்டையர்களை வீடு வீடாகப் போய்ச் சந்திக்கும் ஆய்வு ஒன்று தொடங்கியது. இப்படியான ஆய்வுகளில் ஒரு சிறிய கருவியை முதியவரின் கையில் கொடுத்து, "உங்களால் முடிந்த மட்டும் இறுக்கிப் பிடியுங்கள்" என்பார்கள். முள் எத்தனை கிலோவில் நிற்கிறது என்று எழுதிக்கொள்வார்கள். கைப்பிடி மட்டும் என்றாலும் அது உடலின் மொத்தப் பலத்துக்கு ஒரு நல்ல அடையாளம். 2002 இல் 45 முதல் 96 வயது வரையான இரட்டையர்களின் அளவுகள் வெளிவந்தன. கைப்பிடிப் பலத்தின் வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு 52 சதவீதம்.

பாதி. அப்படியென்றால் ஊரார் சொன்னது பாதி சரிதானே என்று கேட்பீர்கள். அந்தப் "பாதி" என்ற சொல்லில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள்.

*பாதி என்றால் என்ன?*

உங்கள் வாப்பாவின் கையில் 30 கிலோ பலம் இருந்தால், 15 கிலோ பரம்பரை, 15 கிலோ சாப்பாடும் வேலையும் என்பது இதன் பொருள் அல்ல. ஒரு மனிதருக்கும் இன்னொரு மனிதருக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தக் கணக்குப் பேசுகிறது. ஒருவருடைய உடம்பை இரண்டாகப் பிரிக்க இதனால் முடியாது.

வயலை எடுத்துக்கொள்வோம். பல வகை விதைநெல்லைக் கலந்து, ஒரே மண்ணில் விதைத்து, எல்லா வரவைக்கும் சரியாகத் தண்ணீர் பாய்ச்சினால், பயிருக்குப் பயிர் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் விதையின் வித்தியாசம்தான். அதே விதையை விதைத்து, பாதி வயலுக்குத் தண்ணீர் வராமல் போனால்? இப்போது வித்தியாசம் பெரும்பாலும் தண்ணீரின் வித்தியாசம். விதை மாறவில்லை. சதவீதம் மாறிவிட்டது.

டென்மார்க் தண்ணீர் ஓரளவு சமமாகப் பாய்ந்த வயல். வயோதிபருக்கு அரச உதவி வழங்கும் சட்டத்தை 1891 இலேயே கொண்டுவந்த நாடு அது. அங்கே கண்ட 52 சதவீதத்தை அப்படியே தூக்கி வந்து நம் ஊரில் வைக்க முடியாது.

இன்னொன்று. ஒரு விடயம் பரம்பரையோடு தொடர்புபட்டது என்பதற்கும், அதை மாற்ற முடியாது என்பதற்கும் சம்பந்தம் இல்லை. கிட்டப்பார்வை குடும்பத்தில் ஓடும். அதற்காக யாரும் பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்காமல் விடுவதில்லை.

*90 வயதைத் தாண்டியவர்கள் சொன்னது*

1998 இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இன்னொரு வேலை செய்தார்கள். 1905 இல் பிறந்து அப்போது உயிரோடு இருந்த சுமார் 3600 பேரையும் பங்கேற்கக் கேட்டார்கள். வயது 92, 93. அவர்களில் 2262 பேர் சம்மதித்தார்கள். பிறகு 100 வயது வரை அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள்.

2010 இல், 1915 இல் பிறந்து 95 வயதை எட்டியவர்களைச் சந்தித்து இரண்டு தலைமுறையையும் ஒப்பிட்டார்கள். இந்த ஒப்பீட்டை நடத்தியவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் கோரே கிறிஸ்டென்சன். 2013 இல் முடிவு வந்தது. பத்து வருடம் பிந்திப் பிறந்தவர்களில் 95 வயது வரை வாழும் வாய்ப்பு 32 சதவீதம் அதிகம். இரண்டு வயது மூத்த நிலையில் சோதிக்கப்பட்டும் அவர்களின் ஞாபகமும் சிந்தனையும் கூடுதல் தெளிவு. தங்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யும் திறனும் கூட.

பத்து வருடத்தில் ஒரு நாட்டு மக்களின் பரம்பரையலகுகள் மாறாது. மாறியது வாழ்க்கை.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. கைப்பிடிப் பலம், நடை வேகம் போன்ற சோதனைகளில் அந்தளவு தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. நல்ல வீடு, நல்ல வைத்தியம், ஊன்றுகோல், கைபிடிக் கம்பி எல்லாம் முதியவர் தன் வேலையைத் தானே செய்ய உதவும். ஆனால் தசை, நாடு முன்னேறியது என்பதற்காகத் தானாகப் பலப்படாது. தசைக்கு வேறு ஒன்று வேண்டும். அது என்ன என்பதற்கான பதில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஏற்கெனவே கிடைத்திருந்தது.

*பொஸ்டன் முதியோர் இல்லத்தின் பத்துப் பேர்*

1990 இல் மரியா ஃபியாட்டரோன் என்ற வைத்தியர் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் 10 பேரைத் தேர்ந்தெடுத்தார். வயது 86 முதல் 96 வரை. எல்லோரும் பலவீனமானவர்கள். அவர்களுக்கு வாரம் மூன்று நாள், 8 வாரம், காலால் பாரம் தூக்கும் பயிற்சி. பொழுதுபோக்குக்காகக் கையைக் காலை ஆட்டுவது அல்ல. அவரவர் ஒரு தடவையில் தூக்கக்கூடிய உச்சப் பாரத்தின் 80 சதவீதம் வரை கூட்டிக் கொடுத்த, உண்மையான பாரம்.

ஒருவர் இடையில் விலகினார். மற்ற 9 பேரின் காற்பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது இருந்த பலத்தின் இரண்டரை மடங்குக்கும் மேல். தொடைத் தசையின் பருமனும் 9 சதவீதம் கூடியது. இரண்டு பேர் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தார்கள். கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழும்ப முடியாதிருந்த மூவரில் ஒருவர் தானாக எழும்பினார்.

பத்துப் பேர் சின்னக் கணக்கு என்பீர்கள். 1994 இல் அதே குழு சராசரி வயது 87 ஆன 100 பேருடன் 10 வாரம் செய்து பார்த்தது. பயிற்சி செய்தவர்களின் பலம் சராசரியாக 113 சதவீதம் கூடியது.

இவர்களுடைய பரம்பரையலகுகளை யாரும் மாற்றவில்லை. பிறக்கும்போது இருந்தவைதான் 90 வயதிலும் இருந்தன. பலம் மட்டும் மாறியது.

முதல் ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. பயிற்சியை நிறுத்தி 4 வாரம் கழித்து அளந்தபோது பலம் 32 சதவீதம் இறங்கியிருந்தது. 2007 இல் வெளிவந்த வேறொரு ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களைப் 10 நாள் மட்டும் படுக்கையில் வைத்தார்கள். நோய் எதுவும் இல்லை, வெறும் படுக்கை. அவர்களின் கால்களில் இருந்து சராசரியாக ஒரு கிலோ அளவு தசை போய்விட்டது. காய்ச்சல் என்று வைத்தியசாலையில் பத்து நாள் கிடந்து வந்த உம்மாவுக்கு ஏன் குளியலறைக்குப் போக முடியவில்லை என்று யோசிக்கிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை வாசியுங்கள்.

*அந்தப் பரம்பரையலகு எங்கே?*

2003 இல் தசையில் உள்ள ஒரு புரதத்துக்கான பரம்பரையலகு ஓட்ட வீரர்களோடு சம்பந்தப்படுத்தப்பட்டுப் பிரபலமானது. "வேகத்தின் பரம்பரையலகு" என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் முதியவர்களின் பலத்தை அதனால் மட்டும் விளக்க முடியவில்லை.

பிறகு பெரிய கணக்குகள் வந்தன. 2021 இல் 60 வயதைத் தாண்டிய 256,523 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பலவீனத்தோடு தொடர்புபட்டதாகக் கிடைத்தவை 15 இடங்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அவற்றில் சில, மூட்டுத் தேய்வோடும் உடலின் எதிர்ப்பு சக்தியோடும் சம்பந்தப்பட்டவை. "பலத்துக்கான ஒரு பரம்பரையலகு" என்று ஒன்று இல்லை. சிறு சிறு துளிகள் பல சேர்ந்ததுதான் அந்தப் பாதி.

அந்த இரண்டரை இலட்சம் பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர். நம்மைப் போன்றவர்கள் அதில் இல்லை. நமது நாட்டிலும் 1997 இல் பேராசிரியர் அதுல சுமதிபாலவின் முயற்சியில் இலங்கை இரட்டையர் பதிவகம் தொடங்கப்பட்டது. வளர்ந்துவரும் நாடுகளில் முன்னோடியான முயற்சி அது. நம் மக்களைப் பற்றிய கேள்விகளுக்கு நம் மக்களிடம் இருந்தே பதில் வரவேண்டும். உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இதை ஒரு அழைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

*நமக்கு இதில் என்ன?*

2012 குடிசன மதிப்பீட்டின்படியே நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 சதவீதம். இந்தத் தொகை கூடிக்கொண்டே போகிறது. நம் வீடுகளில் முதியவர்களுக்கு மரியாதை குறையவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த மரியாதையை நாம் காட்டும் விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். "உம்மா நீங்க எழும்பாதீங்க, நான் எடுத்துத் தாரன்." "வாப்பா நீங்க கடைக்குப் போகவேணாம், தம்பி போவான்." அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் கொஞ்சப் பயிற்சியையும் நாமே வாங்கிக் கதிரையில் இருத்திவிடுகிறோம். பிறகு கால் வலுவிழந்தால் "பரம்பரை" என்று சொல்லிவிடுகிறோம்.

முதுமை பலவீனத்தோடுதான் வரும். பலவீனத்தில் தொடங்கி, பலம் பெற்று, மீண்டும் பலவீனத்துக்கும் நரைக்கும் திரும்பும் மனித வாழ்வைப் பற்றி ஸூரா அர்ரூம் பேசுகிறது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பலவீனம் நாம் அவசரப்படுத்தாமல் அதன் நேரத்தில் வரட்டும்.

கதிரையில் இருந்து தொழுவது முடியாதவர்களுக்கு மார்க்கம் தந்த சலுகை. அதில் கருத்துச் சொல்ல நான் ஆலிம் அல்ல. நான் சொல்ல வருவது தொழுகைக்கு வெளியே உள்ள 23 மணித்தியாலத்தைப் பற்றி. கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பி இருப்பதைச் சில தடவை செய்வது, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்குவது. இவற்றுக்கு ஜிம் தேவையில்லை. சோறு மட்டும் கொடுக்காமல் மீன், முட்டை, பருப்பும் சேர்த்துக் கொடுங்கள். தசைக்குப் புரதம் வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும். இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத பிரஷர், அண்மையில் சத்திரசிகிச்சை, எலும்பு முறிவு, அடிக்கடி விழுதல் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். அரச வைத்தியசாலைகளில் இயன்மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. தனியாகத் தொடங்க வேண்டாம். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

கேள்வி கேட்ட பிள்ளைகளுக்குப் பதில் இதுதான்: பலத்தில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. அது ஒருவர் எங்கே இருந்து தொடங்குகிறார் என்பதில் பெரிய செல்வாக்குச் செலுத்தும். ஆனால் 90 வயதிலும் தசை வேலைக்குப் பதில் சொல்கிறது. ஓய்வுக்கும் பதில் சொல்கிறது.

உங்கள் வீட்டு முதியவர் கையை ஊன்றாமல் எழும்புகிறாரா என்று இந்த வாரம் பாருங்கள். எழும்ப முடிந்தால் அதை அவரிடம் இருந்து பறித்துவிடாதீர்கள். முடியாவிட்டால் ஒரு வைத்தியரிடம் காட்டிவிட்டு, கையைப் பிடித்து மெதுவாகத் தொடங்குங்கள். நம் பெற்றோரின் முதுமையில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

பயனுள்ளது என்று நினைத்தால் பள்ளிவாசல் நிருவாகக் குழுக்களுக்கும் குடும்பக் குழுமங்களுக்கும் பகிருங்கள். வைத்தியர்கள், இயன்மருத்துவர்கள் யாராவது வாசித்தால் கீழே உங்கள் ஆலோசனையையும் எழுதுங்கள்.